எங்கள் சாவடியில் விழுந்த ஓட்டு

1959 ஜூன் 28

இரண்டு நாளைக்கு முன் என் வீட்டுக்காரர் நகரசபைத் தேர்தலில் நிற்க மனு கொடுத்தார். இன்றுதான் குப்பம் முழுக்கத் தெரிந்தது. எதிரே நிற்பவர் ஐஸ் கிடங்கு சக்கரபாணி. எங்கள் மீன் எல்லாம் அவர் கிடங்குக்குத்தான் போகிறது. வேறு யாருக்கும் விற்க முடியாது. விலையும் அவர் வைத்ததுதான். “கரையிலயே ஏலம் விடணும், அதுக்கு ஒரு தீர்மானம் வரணும். அவ்ளோதான் கமலா” என்கிறார். கட்டுமரம் தள்ளுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூலை 9

அண்ணன் காசிலிங்கம் வந்தார். அவர்தான் எங்கள் குப்பத்து நாட்டார். பஞ்சாயத்தில் அவர் பேச்சே கடைசிப் பேச்சு. உட்காரவில்லை.

“கோயிலாண்ட கூடி முடிவு பண்ணிட்டோம். ஊர் ஓட்டு மொத்தமும் சக்கரபாணிக்கு. அவரு லாரிய நிறுத்திட்டா மீனு கரையிலயே நாறிப்பூடும். உம் புருஷன வாபஸ் வாங்கச் சொல்லு.”

இவர் உள்ளேயிருந்து வந்து, “ஓட்டு ஊருக்குன்னு குடுக்கல மச்சான், ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்திருக்காங்க” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அண்ணன் போய்விட்டார்.

ஜூலை 12

ஊரைவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்களோடு பேச்சில்லை. நெருப்புகூடத் தரக்கூடாது. நல்லது கெட்டதுக்கு வரக்கூடாது. தண்டோரா போட்டவன் எங்கள் வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தீர்ப்புச் சொன்னது என்கூடப் பிறந்தவர்.

ஜூலை 15

கட்டுமரத்தில் கூட வர ஆளில்லை. தனியாகவே போனார். திரும்பும்வரை கரையில் நின்றேன்.

ஜூலை 27

வீடு வீடாக ஓட்டுக் கேட்டோம். அடுத்த வீட்டு முத்தம்மாள் — தினமும் என்னோடு மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்தவள் — எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். இவர் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். ஐயோ, இந்த மனுஷன் ஏன் இப்படி இருக்கார்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14

ஓட்டுப் போட்டோம். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள்.

ஆகஸ்ட் 16

தோற்றுவிட்டார்.

ஆனால் எங்கள் குப்பத்துச் சாவடியில் பாதிக்கு மேல் ஓட்டு இவருக்கு! டவுன் பக்கத்துத் தெருக்கள்தான் சக்கரபாணியைத் தூக்கிவிட்டன. சேதி சொன்னவர் இரண்டு தடவை சொன்னார், நாங்கள் நம்பவில்லை என்று. இவர் சிரித்தார். வெகு நாள் கழித்துச் சிரித்தார். “பாத்தியா கமலா, நம்ம ஜனம்” என்று வெளியே ஓடினார்.

திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. தெருவில் ஒருவரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

ஆகஸ்ட் 21

சாவடிக் கணக்கு சக்கரபாணிக்கும் தெரிந்துவிட்டது; மூன்று நாளாக லாரி வரவில்லை. மீனைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். பெரியவர்கள் சக்கரபாணி வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்களாம். எங்களை இன்னும் இறுக்கமாகத் தள்ளி வைப்பதாக வாக்குக் கொடுத்தபிறகுதான் இன்று லாரி வந்தது.

செப்டம்பர் 30

எதிரே வருகிற ஒவ்வொருவரையும் இவர் உற்றுப் பார்க்கிறார். இவன் போட்டிருப்பானோ, அவன் போட்டிருப்பானோ என்று. இன்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “எல்லாரும் அவனுக்கே போட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.”

நவம்பர் 19

விடியலில் மாமனார் போய்விட்டார். மழை விடவில்லை. பாடை கட்ட ஆளில்லை, தூக்க ஆளில்லை. முத்தம்மாள் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

மத்தியானம்வரை அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். பின்னாலேயே போனேன்.

கோயில் முன்னால் ஊரே வந்துவிட்டது. சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தப்பு பண்ணிட்டேன். ஊரு மன்னிக்கணும்.” இன்னும் சத்தமாகச் சொல் என்றார் பஞ்சாயத்தில் ஒருவர். சொன்னார். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். எந்தப் பாதி?

பிறகு எல்லோரும் வந்தார்கள். பாடை தூக்க அத்தனை தோள்கள்.

1960 பிப்ரவரி 7

கட்டுமரத்துக்கு ஆள் வருகிறது. மீன் சக்கரபாணி கிடங்குக்குப் போகிறது. இவர் கடலுக்குப் போகிறார், வருகிறார், படுத்துக்கொள்கிறார். பேச்சு குறைந்துவிட்டது.

சாயங்காலம் முத்தம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள். பழையபடி மார்க்கெட் கதை எல்லாம் பேசினாள். பிறகு என் காதருகே குனிந்து, “அன்னிக்கு நானும் எங்க ஊட்டுக்காரரும் ஒன் புருஷனுக்குத்தாண்டி போட்டோம்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

மெதுவாகப் பேசு, உள்ளே தூங்குகிறார் என்றேன்.

தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.