சேனைக்கிழங்கில் ஒத்திகை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நஞ்சன்கூடு ரயில் லேட், ஷிப்டுக்கு ஓட்டம்.

மதியம் கௌதள்ளியிலிருந்து மச்சினன் போன். கமலா போய் வருஷத் திதி முடிந்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வருகிறானாம். எங்கள் வீட்டு வழக்கம் அது. மனைவி செத்த வீட்டில் முதல் கறியை அவள் பிறந்த வீட்டார் கொண்டுவந்து இலையில் வைக்க வேண்டும். அதுவரை கவிச்சி கிடையாது. ஒரு வருஷமாக ஓட்டலில்கூடத் தொடவில்லை.

"கொழம்பு வேண்டாங்க மாமா. அக்கா ஓவன்ல மேல்தீயில சுட்டுக் குடுக்குமே, அதப் பண்ணீருங்க."

சரி என்றுவிட்டேன். எனக்குத் தெரிந்தது சோறும் ரசமும்.

பிள்ளை இல்லாத வீடு. இவனும் விட்டுப் போனால் மாமா என்று கூப்பிட ஆளில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஓவன் புத்தகம் கிடைத்தது, அரிசி டப்பாவுக்குப் பின்னால். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. பேப்பர் கூடாது. தட்டு மேல் சூட்டுக்கம்பிக்கு நாலு விரல் கீழே. பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதே. தீப்பிடித்தால் ஸ்விட்சை அணை, கதவைத் திறக்காதே, தண்ணீர் ஊற்றாதே. இதுவே போதும், மூடிவைத்தேன்.

பழகிப் பார்க்கக் கறி வாங்க முடியாதே. சேனைக்கிழங்கில் கறி மசாலா தடவி வைத்தேன். பத்து நிமிடம், திருப்பி எட்டு. அருமை. கை வந்துவிட்டது. நின்றுகொண்டே தின்று தீர்த்தேன்.

ஜூலை 12, சனி

எலுமிச்சை. வாழை இலை 3. இடுக்கி. படத்துக்குப் பூ. ஷேவிங். நாளைக்கு லீவு சொல்லியாச்சு.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார்கள், மச்சினனும் பெண்டாட்டி அம்மணியும். ஒரு கிலோ எலும்புக்கறி, விரல் தடிமன் கொழுப்போடு. சேனைக்கு ஏது கொழுப்பு? ஆறாம் நிமிடம் உள்ளே குபீரென்று தீ. மச்சினன் குடத்தோடு ஓடிவந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாத. கதவத் தொடாத."

ஸ்விட்சை அணைத்துவிட்டு மூவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றோம். தானாக அடங்கியது. உண்மையைச் சொன்னால் அந்த நேரம் சந்தோஷமாக இருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

மேலே கரி, எலும்போரம் சிவப்பு. அம்மணி எல்லாவற்றையும் குக்கரில் போட்டு வேகவைத்தாள். மச்சினன் முதல் துண்டை என் இலையில் வைத்தான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "நம்ம கடமை முடிஞ்சுதுங்க மாமா. ஒடம்பப் பாத்துக்குங்க."

நான் தொடக்கம் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு இது முடிவு. ராகி மாவு தீர்ந்துவிட்டது, நாளை வாங்கணும்.

ஜூலை 14, திங்கள்

வெயில். வாரவிடுமுறை. ஓவனைத் துடைத்தேன், ஒரு மணி நேரம். புத்தகத்தின் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது: கொழுப்பை முன்பே வெட்டி எடு, கறியைக் கம்பித்தட்டில் வை, கீழ்த்தட்டில் கொஞ்சம் தண்ணீர். மடையன் நான்.

கௌதள்ளிக்குப் போன். அம்மணி எடுத்தாள்.

"அவரு தோட்டத்துல இருக்காருங்ணா. ஏதாவது அவசரமுங்களா?"

அவசரமெல்லாம் இல்லை, தீ ஏன் பிடித்தது என்று கண்டுபிடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் என்றேன்.

"சேரிங்ணா, சொல்றேன்."

கொழுப்பை வெட்டணும், கீழே தண்ணீர் வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனேன். போனை எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.