கந்தையா என்ற பெயரில் எறிந்த பந்துகள்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று போடாமல்தான் தொடங்க நினைத்தேன். கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாக அதிகம் வராது.

உங்களுடைய முப்பத்தோராம் நாள் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஹம் நகரில் மண்டபம் எடுத்தோம். கெல்சென்கிர்ச்சனிலிருந்தும் சனம் வந்தது. சாப்பாடு முடிந்து போகிறவர்களுக்கு வாசலில் வைத்து உங்கள் நினைவு மலரைக் கொடுத்தார்கள். மினுங்கும் தாள், அட்டையில் நீங்கள் கோட் போட்டு நிற்கும் படம். உங்கள் தம்பி, எங்கள் சித்தப்பாதான் பொறுப்பெடுத்து அச்சடிப்பித்தவர். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எழுதவேண்டும் என்று என்னிடமும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் அச்சில் வந்தது நான் எழுதியதல்ல.

'நான் அமெரிக்கக் கால்பந்தில் சாதனைகள் படைப்பதற்கு இறுதிவரை பக்கபலமாக நின்றவர் என் தந்தை' என்று போட்டிருக்கிறது. கீழே என் பெயர்.

பக்கபலமாம். எந்தப் பக்கம் நின்றீர்கள் அப்பா? மைதானத்துக்கு இரண்டு பக்கம்தான் உண்டு. ஏழு பருவம் விளையாடியிருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஹெல்மெட்டைப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒருதடவை பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்களைத்தான் தேடினேன். ஒருநாளாவது வந்தீர்களா?

சித்தப்பாவை மண்டபத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இது நான் எழுதித் தந்தது இல்லையே சித்தப்பா?"

"ஓம் தம்பி, கொஞ்சம் திருத்தினனான். செத்த மனுசனைப் பற்றி உப்பிடியே எழுதுறது? நாலு சனம் வாசிக்குமெல்லே."

நாலு சனம் வாசிக்கும் என்றுதானே நானும் எழுதினேன். அதனால் இந்தக் கடிதத்தை ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஒரு எழுத்தும் திருத்தாமல் போடச் சொல்லியிருக்கிறேன். மலரை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

முதலில் நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும். உங்களுக்கு அதுவே தெரியாது. என் இடத்துக்குக் குவாட்டர்பேக் என்று பேர். பந்து முதலில் என் கைக்கு வரும். வந்த கணத்தில் என்னைவிட இரண்டு மடங்கு பாரமான நாலைந்து பேர் என்னை விழுத்த ஓடிவருவார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள், தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஆளின் கைக்குப் பந்தை எறியவேண்டும். கடைசிக் கோட்டுக்கு அப்பால் அவன் பிடித்தால் அது டச்டவுன். எங்கள் லீக்கில் ஒரே பருவத்தில் அதிக டச்டவுன் எறிந்த ஆள் ஒரு அமெரிக்கர். இங்கே இருக்கும் அமெரிக்கப் படைமுகாமில் வேலை செய்துகொண்டே விளையாடியவர். அவருடைய கணக்கை யாரும் தொடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதை உங்கள் மகன் முறியடித்தான். அடுத்த பருவம் தன்னுடையதையே முறியடித்தான். தோள் பழுதாகி அவன் நிறுத்தியபோது, எறிந்த தூரத்திலும் அவனுக்கு மேலே எவரும் இருக்கவில்லை.

நீங்கள் இதற்கு வைத்த பேர் 'விசர் விளையாட்டு'. கோயிலில் யாராவது விசாரித்தால், "மூத்தவன் அவுஸ்பில்டுங் செய்யிறான்" என்று தொழிற்பயிற்சியோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

சரி, ஊவே எங்கள் வீட்டுக்கு வந்த நாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தானே இவ்வளவும்.

மார்க் காசு போய் யூரோ வந்த வருடம். எனக்குப் பதினேழு. என் ட்ரெய்னர் ஊவே, மீசையும் பெரிய வயிறுமாக, கையில் ஒரு ஃபைலோடு வந்தார். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம். படிக்கலாம், அவர்களுடைய குழுவில் விளையாடலாம், தங்குவதற்கு ஒரு குடும்பமும் பார்த்து வைத்திருந்தார். எனக்குப் பதினெட்டு ஆகாதபடியால் உங்கள் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். அம்மா கோப்பியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். ஊவே இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்க, என்னைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்தார். தான் பழக்கியவர்களில் இப்படி ஒரு கையைக் கண்டதில்லை என்றார். நான் அதை வெட்கப்பட்டுக்கொண்டு பாதியாகக் குறைத்துத்தான் உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

"கையால எறியிற பந்துக்கு இவங்கள் ஃபுட்போல் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். இந்த விசரனைக் கோப்பியைக் குடிச்சிட்டு எழும்பிப் போகச் சொல்லு."

ஊவே சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வது?

இதை வாசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும். ஒன்பது வயதிலிருந்து நான்தான் உங்களுடைய டொச் வாய், ஜேர்மன்காரரோடு உங்களுக்காகக் கதைக்கிறவன். வெளிநாட்டார் அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்களோடு வருவேன். "இந்த மூதேவிக்கு எத்தினை தரம் பேப்பர் குடுக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். "அப்பா உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்" என்று நான் மொழிபெயர்ப்பேன். அப்படித்தான் எங்களுக்கு விசா வந்தது. அப்படித்தான் வீடு கிடைத்தது. யாரும் பழக்கவில்லை. அப்பாவின் வாயிலிருந்து வருவதை அப்படியே சொன்னால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று எனக்கே விளங்கியிருந்தது.

அன்றைக்கும் அதையே செய்தேன். "நீங்கள் வந்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம். யோசித்துச் சொல்கிறாராம்." ஊவே எழுந்து உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஃபைலை டிவிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் முடியும்வரை தவணை இருந்தது. நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். நீங்கள் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினால், அப்பா யோசிக்கிறார் என்று நினைப்பேன். என்ன மடையன் நான்! கடைசி நாள் வந்துதான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, அந்தப் பேப்பர்..."

"எந்தப் பேப்பர்?"

"ஊவே தந்தது."

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு நீதானே அவனுக்குச் சொன்னனி. யோசிச்சன். ஏலாது."

நான் டொச்சில் சொன்னதை அப்படியே தமிழில் திருப்பிச் சொன்னீர்கள். உங்களுக்கு விளங்கியிருக்கிறது! அன்றைக்கு மட்டுமா? விசா அலுவலகத்தில், டொக்டரிடம், வீட்டுக்காரனிடம், எத்தனை வருடமாக விளங்கியிருக்கிறது? உங்களுக்காக நான் பொய் சொல்லிச் சொல்லிக் கூனிக்குறுகியதை எல்லாம் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்களா? ஒருநாள், ஒரே ஒருநாள், "சரியடா மோனை, விடு, நான் கதைக்கிறன்" என்று சொல்லியிருக்கலாமே?

அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போனது. 'ஏலாது என்று நேரே சொல்லியிருந்தால் நான் இன்னொரு முறை வந்து கதைத்திருப்பேனே' என்று ஊவே என்னிடம்தான் கோபப்பட்டார். நியாயம்தானே.

சித்தப்பா உங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார். "அண்ணை பயத்திலதான் அப்பிடிச் செய்தவர். ஊரில பொடியளுக்கு அடிபடக் கூடாது எண்டுதானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். இஞ்ச வந்து நீ அடிபடுற விளையாட்டுக்குப் போனா?" என்கிறார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் பயம் என்றால் பயம் என்று சொல்லவேண்டியதுதானே அப்பா? பதினேழு வயதில் எனக்கு அது விளங்காதா? நீங்கள் சொன்னது கோப்பியைக் குடித்துவிட்டுப் போகச் சொல் என்பதுதான். அதை உங்களுக்காக அழகாக்கிச் சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன். இப்போது சித்தப்பா எடுத்திருக்கிறார்.

அமெரிக்கா போனால் போகட்டும் என்று இங்கேயே எறிந்தேன். அதிலும் ஒரு கூத்து. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பிள்ளைக்கு ஒரு பெயர், அதோடு அப்பாவின் பெயர். வந்து இறங்கிய உடனே டொச்காரர் பத்திரத்தில் குடும்பப் பெயர் கேட்க, நீங்கள் உங்கள் பெயரைக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் ஹெர் கந்தையா, மிஸ்டர் கந்தையா. விளையாட்டுச் சட்டையின் முதுகில் குடும்பப் பெயரைத்தான் போடுவார்கள். என்னைச் சுதாகரன் என்று போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். விளையாட்டுப் பதிவு அட்டையில் இருக்கும் பெயரைத்தான் போடலாம் என்றார்கள்.

ஆக, மைதானத்துக்கு ஒருநாளும் வராத உங்கள் பெயரை ஏழு பருவம் முதுகில் சுமந்தேன். நான் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒலிபெருக்கியில் உங்கள் பெயர். பத்திரிகையில் உங்கள் பெயர். அந்த அமெரிக்கரின் சாதனையை முறியடித்த அன்று, பருவத்தின் கடைசி ஆட்டம், இரண்டு பேர் என் காலில் தொங்கிக்கொண்டிருக்க விழுந்தபடியே எறிந்தேன். நான் புல்லில் முகம் குப்புறக் கிடந்தேன், பந்து போய்ச் சேர்ந்ததைப் பார்க்கவில்லை. சனம் கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். "கன்-டை-யா! கன்-டை-யா!"

அன்றைக்கு அம்மா வந்திருந்தார். உங்களிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு வந்தவர். இப்போது சொன்னால் என்ன? உங்கள் பெயரை வாழ்நாளில் ஒருதடவையும் வாயால் சொல்லாத மனுசி, டொக்டர் கேட்டாலும் என் முகத்தைப் பார்ப்பவர். அவரைச் சுற்றி அவ்வளவு டொச்காரரும் பியர் கோப்பையோடு உங்கள் பெயரைக் கத்துகிறார்கள். ஆட்டம் முடிந்து நான் போனபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னடா இது, அப்பான்ர பேரை இப்பிடி மரியாதை இல்லாமல் கத்தினம்?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

எல்லாவற்றையும் மன்னித்திருப்பேனோ என்னவோ. ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், உங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் என்னை நடைபாதையில் மறித்து, 'நீங்கள்தான் மகனா?' என்று கேட்டாள். எங்கள் ஆட்டங்களுக்கு வருகிறவளாம். கட்டில் அட்டையில் பெயரைப் பார்த்து, அந்தக் குவாட்டர்பேக் கந்தையா உங்களுக்குச் சொந்தமா என்று உங்களிடம் விசாரித்திருக்கிறாள். நீங்கள் நெஞ்சைத் தொட்டு, நல்ல டொச்சில் சொன்னீர்களாம். 'கந்தையா நான். எறியப் பழக்கியதும் நான்தான். ஊரில் மாங்காய்க்குக் கல்லெறியப் பழக்கினேன்.'

நான் நாலு வயதில் இங்கே வந்தவன். எந்த மாங்காய் அப்பா?

நர்ஸ் அதைப் பெரிய புளுகத்தோடு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமை என்றால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் இரண்டு மணித்தியாலம் இருந்தேனே. அப்போது என்னிடம் 'மழை விட்டுட்டுதோ' என்று கேட்டுவிட்டு, யாரோ ஒரு பிள்ளையிடம் சொன்னது பெருமை இல்லை. அது களவு.

இனி ஒரு புதினம். கழகத்தில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். பழைய சாதனைகள் எல்லாம் அதில் வரும். என்னுடையது மேலே. நேற்று ஊவே போன் எடுத்தார். மீசை எப்போதோ நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. 'சட்டையில்தான் விடவில்லை, பலகை எங்களுடையது. உன் சொந்தப் பெயரையே எழுதுகிறோம். சுதாகரன் என்றுதானே?' என்றார். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு அலுத்தது, தானாக வந்து கையில் விழுகிறது. பத்து நாள் முன்பு கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன்.

உங்கள் மலர் மேசையில் கிடந்தது. கோட் போட்டுக்கொண்டு அட்டையிலிருந்து என்னையே பார்த்தீர்கள்.

'வேண்டாம் ஊவே, கந்தையா என்றே எழுது' என்று சொன்னேன்.

சித்தப்பா கேள்விப்பட்டால் அடுத்த மலரில் இதையும் தந்தை பக்தி என்று போடுவார். ஆனபடியால் தெளிவாக எழுதி வைக்கிறேன். இது மரியாதை இல்லை அப்பா, தண்டனை. கந்தையா நான் என்று சொன்னீர்களே, அப்படியென்றால் வந்து நில்லுங்கள். மழையிலும் பனியிலும், ஒவ்வொரு ஞாயிறும், ஆட்டம் முடியும்வரை நில்லுங்கள். பக்கத்தில் நின்றதாக அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாயிற்று, அதை இனியாவது உண்மையாக்குங்கள். கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போக ஏலாது.

ஒரு வாக்குத் தருகிறேன். பலகை வைக்கும் நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அதற்குப் பிறகும் வருவேன். வந்ததும், பழக்கத்தில், இரண்டு பக்கமும் பார்ப்பேன். நீங்கள் நிற்கவேண்டும்.

இப்படிக்கு,
மாங்காய்க்கு ஒருநாளும் கல்லெறியாத உங்கள் மூத்த மகன்
சுதாகரன்