பெட்சபுரியில் வைத்த நேர்த்தி

20 ஆகஸ்ட் 1994, சனி. ஹரோ.

கொழும்பில் பொலிஸ் பிடித்து வைத்திருந்த என் மனைவி நளினியின் தம்பியை இன்று விட்டுவிட்டார்கள். போனை வைத்துவிட்டு நளினி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு என்னை விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்றாள்.

புத்த விகாரைக்கா? நாங்களா?

போன மாதம் விடுமுறைக்குத் தாய்லாந்து போனபோது பெட்சபுரியில் மலை அரண்மனையும் கடற்கரையும் பார்த்தோம். அங்கே ஒரு குகைக் கோயில். மேலே இருந்த திறப்பால் வெயில் நேரே புத்தர்மேல் விழுந்தது. தம்பியை விட்டால் பூத்தட்டு வைக்கிறேன் என்று அவரிடம் நேர்த்தி வைத்தாளாம். இன்றுதான் சொல்கிறாள்.

"இங்க ஆர்ச்வே முருகனுக்குச் செய்வமே" என்றேன்.

"வைச்சது அவருக்கு. செய்யிறது முருகனுக்கோ?"

எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் கடையை எரித்தவர்களும் அந்தப் புத்தரைத்தான் கும்பிட்டார்கள். நாடு விட்டு வந்த இந்த ஊரிலும் விகாரை முழுக்கச் சிங்களச் சனம். "நான் காருக்குள்ளயே இருப்பன்" என்று கத்திவிட்டேன்.

யாரோடு கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அன்று அந்தக் குகையில், குரங்குகள் தூக்கிவிடும் என்று இருவர் செருப்பையும் கையில் பிடித்தபடி, அவளுக்குப் பின்னால் நின்று நானும் அதே நேர்த்தியைத்தான் வைத்தேன்.