தொட்டிக்குத் தப்பிய பூதம்

நாட்டிங்ஹாம்

அன்புள்ள வில்ஃப்ரெடுக்கு,

நான் சுகம். உங்கள் கைநடுக்கம் எப்படி இருக்கிறது?

ஞாயிறன்று நான் டீ போடும் மண்டபத்தில் பழைய ஈயப் போர்ப்பொம்மைச் சந்தை. ஒரு கடைக்காரன் பெயிண்டை உரிக்க ஒவ்வொன்றாக மருந்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில், நீங்கள் பெயிண்ட் அடித்த பொம்மைப் படையின் பெரிய பூதம்! பீடத்தில் நான் ஒட்டிய மணல், கிளிக்கூண்டில் பரப்புவோமே, அதை வைத்தே கண்டுபிடித்தேன். எண்பத்தாறாம் வருஷம் தொலைந்ததென்று உங்கள் தம்பி கிளிஃப் சத்தியம் செய்தானே, அதேதான்.

"போடாதய்யா!"

"உரிச்சா புதுசா அடிக்கலாம், பாட்டி."

"அடிச்ச கை இப்போ ஸ்பூனே பிடிக்க மாட்டேங்குது. குடு இங்கே!"

கொடுத்துவிட்டான். கிளிஃபிடம் மூச்சு விடாதீர்கள், நானே வந்து கேட்கிறேன்.

நான் அங்கே விட்டுவந்த கம்பளிக் காலுறையை அனுப்பும்போது, உங்களிடம் இருக்கும் மற்ற பூதங்களில் ரெண்டைச் சேர்த்து அனுப்புங்கள். ஜன்னலில் இது ஒத்தையாக நிற்கிறது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

எட்னா