வெளியே போக வழியில்லாத கப்பல்

ஹாபாய், டோங்கா

அன்பு மகள் லேசியேலிக்கு,

உன் அம்மா வீகா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இங்கே சாப்பிட்டுச் சண்டை போட்டுச் சௌக்கியமாக இருக்கிறோம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், சண்டை போட அங்கே ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை. அப்பாவின் கிழங்கு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, பன்றி குட்டி போட்டது, அதில் ஒன்று அப்பா ஜாடை. உன் தம்பி செமிசியின் கால்தான் சரியில்லை. சீமைப்பலா மரத்திலிருந்து விழுந்து உடைந்த எலும்பு கோணலாகச் சேர்ந்து இப்போது உள்ளே சீழ் வைத்துவிட்டதாம், ஆக்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயோ, அவன் என்னிடமே வந்து தங்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டாய், நல்ல மனசுதான், ஆனால் உன் வீடு மொத்தமுமே ஒரே அறை என்கிறாய். நம் வழக்கப்படி அக்காள் இருக்கும் வீட்டில் குரலைக்கூட உயர்த்தாமல் வளர்ந்த பிள்ளை, அவள் தூங்கும் அறையில் எப்படித் தூங்குவான், அவள் கையால் எப்படிக் குளிப்பான். கேட்டுப் பார்த்தேன். "கால் போனா போகட்டும்மா, அக்கா படுக்கிற ரூம்ல நான் படுக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டான். ராத்திரி அவன் முனகுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். இந்த நிலையில்தான் ஊருக்கு ஒரு சினிமாப் படம் வந்து சேர்ந்தது.

போன சனிக்கிழமை மத்தியானம் கோயில் கூடத்து ஜன்னலுக்கெல்லாம் பாயைத் தொங்கவிட்டு வெள்ளைத் துணியில் காட்டினார்கள், வானத்துக்கு மேலே போகிற கப்பல் கதை. படம் என்றாலே அக்காள் தங்கை இருக்கிற பக்கம் நம் ஆண்பிள்ளைகள் தலைகாட்ட மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. போதகர் எழுந்து, "இதுல முத்தமும் இல்ல மண்ணும் இல்ல, வெறும் மிஷினும் நட்சத்திரமும்தான், எல்லாரும் ஒண்ணாவே உக்காந்து பாக்கலாம்" என்று தைரியம் சொன்னார். அவர் பார்த்தது படப் பெட்டியின் மேலட்டையை மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரை நம்பி ஊரே கலந்து உட்கார்ந்தது, செமிசிக்கு இரண்டு பக்கமும் பெரியப்பா பெண்கள், அவர்களும் அவனுக்கு அக்காள் முறைதானே.

கப்பல் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியபோது உன் அப்பா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடிக்கவில்லை. மேலே போனதும் சத்தம் செத்துவிட்டது. அங்கே மேல் என்றும் இல்லை கீழ் என்றும் இல்லை, ஒருத்தி சுவரில் தூங்குகிறாள், ஒருத்தன் கூரையில் நின்று பேசுகிறான், தண்ணீர் உருண்டை உருண்டையாக மிதக்கிறது, அதை மீன் மாதிரி வாயால் கவ்வுகிறார்கள். ஒரு கிழங்கு உண்டா, ஒரு துண்டு மீன் உண்டா, எல்லாம் பையிலிருந்து பிதுக்கித் தின்கிற கூழ். அப்புறம் ஜன்னல் வழியாக நம் உலகத்தைக் காட்டினான். எலுமிச்சம்பழம் அளவு. நம் தீவு எங்கே என்று கண்ணை இடுக்கித் தேடினேன், வெறும் நீலம்தான் இருந்தது. நீ எங்கே என்றும் தேடினேன்.

அந்த அதிர்ச்சி தணிவதற்குள் கப்பல் தலைவன் ஒருத்தியைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான், அதுவும் தலைகீழாக, இரண்டு பேரும் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே. கூடம் இரண்டானது. அண்ணன் தம்பிமாரெல்லாம் இருட்டில் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள், முதலில் ஓடியது போதகர்தான், அவர் தங்கை முன்வரிசையில். செமிசியால் எழுந்திருக்க முடியவில்லை, உடுப்புக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த பாயை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு, மண்ணடுப்பில் மூடி வைத்த கிழங்கு மாதிரி கிடந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெற்ற வயிறு எரியவும் செய்தது.

ஆபத்து போனதும் எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அப்போதுதான் நிஜ இடி விழுந்தது. அந்தக் கப்பலில் கூடப்பிறந்த அக்காளும் தம்பியும் இருந்தார்களாம், எவன் சேர்த்து அனுப்பினானோ. தம்பி கப்பலுக்கு வெளியே வேலை செய்தபோது பறந்து வந்த கல் பட்டு உடம்பு நசுங்கிவிட்டது. அவள்தான் இழுத்து உள்ளே போட்டாள், அவள்தான் உடுப்பை வெட்டி எடுத்தாள், துடைத்தாள், ஊட்டினாள், நம் சமையலறை அளவு இடத்தில் மாதக்கணக்காக. மீன்பிடிக்கிற கேபு தாங்க முடியாமல், "அவன் எந்திரிச்சு வெளிய போயிடலாம்ல" என்றான். உன் அப்பா, "எங்கடா போவான், வெளியன்னு ஒண்ணு இருந்தாத்தானே, கதவைத் திறந்தா செத்தான்" என்றார். அந்தத் தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான், அவளும் அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தபடியே கரண்டியை நீட்டினாள். எந்த ஊர்க்காரியோ, நம் ஊர்ப் பெண் மாதிரியே நீட்டினாள். இந்தத் தடவை ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன், செமிசி பாயை விலக்கிவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கம்பை ஊன்றி ஊன்றி நடந்தான். வாசலில் வந்து, "அம்மா, அக்கா ரூமுக்கு வெளிய நடை இருக்கா, நான் அங்க படுத்துக்குவேன்" என்றான். குளிரில் விறைத்துக் கட்டையாகிவிடுவாய் மடையா என்று திட்டினேன், திட்டும்போதே எனக்கு உயிர் வந்தது, போக மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை பார்.

ஆனால் அப்பாவின் அக்காள் சொல்லாமல் இந்த வீட்டில் என்ன நடக்கும். மறுநாள் கோயில் முடிந்ததும் நல்ல பன்றியாக அடித்துச் சுட்டு எடுத்துக்கொண்டு லவீனியா அத்தை முன்னால் போய் மூன்று பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்தோம். அத்தை சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, "அந்தக் கப்பல்ல என்ன குறைன்னு யாராவது கண்டுபிடிச்சீங்களா" என்று கேட்டாள். காற்று இல்லை என்றேன். "காத்து இல்லாட்டியும் பரவாயில்லடி, அத்தை இல்ல. நடுவுல ஒரு அத்தையை உக்கார வச்சிருந்தா அந்தத் தலைகீழ் கூத்தும் நடந்திருக்காது, அந்தப் பையனும் அழுதிருக்க மாட்டான். இவன் கூட நான் போறேன்" என்றாள். செமிசி நெளிந்தான். "என்னடா வெக்கம், நீ பிறந்தன்னிக்கு முதல்ல குளிப்பாட்டினதே நான்தான், இப்ப குளிப்பாட்டினா தேஞ்சா போயிடுவே" என்று அவன் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு வலியிலும் அவன் சிரித்துவிட்டான், நானும் அப்பாவும்தான் அழுதோம்.

ஆகவே மகளே, படத்தில் கண்டதெல்லாம் அதிர்ச்சியே இல்லை, உனக்கு வரப்போவதுதான் அதிர்ச்சி. உன் ஒரே அறையில் ஜன்னல் பக்கம் நீ, கதவுப் பக்கம் தம்பி, நடுவில் மலை மாதிரி அத்தை. அங்கே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தபோது வாங்கிய விசா அவளுக்கு இன்னும் இருக்கிறது, தப்ப முடியாது. உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிடு, குறட்டையைப் பற்றி வாய் திறக்காதே, சமையல் சரியில்லை என்பாள், ஆமாம் என்று சொல். தம்பியை நேராகப் பார்த்து ஒன்றும் கேட்காதே, அத்தையிடம் கேள், அவள் அவனிடம் கேட்பாள்.

ஆண்டவர் உன் கைகளையும் அவன் காலையும் காக்கட்டும், என் கண்ணே, நீ நன்றாக இரு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் வாங்கு, அத்தை பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

உன் அம்மா,
வீகா