படகை நிறுத்தும் துணி

அன்பு மருமகளுக்கு,

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேனா இல்லையா? நகரத்தை விட்டு இந்தத் தீவுக்கு வந்தால் உன் அத்தையின் தலைவலி பறந்துவிடும் என்றேன், பறந்தது. மீன்களெல்லாம் என் குரல் கேட்டு வாசலுக்கே வந்தன.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும், "நான் பாதி டாக்டர்டி, மூணு நாள்ல ஓடிடும்" என்றேன்.

"முழு டாக்டரைப் பாக்கணுங்க. கம்பத்துல துணியக் கட்டுங்க" என்றாள். துணி தெரிந்தால்தான் இங்கே படகு கரைக்கு வரும்.

"வந்த மூணே மாசத்துல திரும்பி ஓடினா ஊர் சிரிக்காதா?"

மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டாள்.

பனியில் படகோட்டி துணியைக் கவனிக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். உன் புகாரால் அவர் வேலை போகப்போகிறதாம். நேற்றும் எனக்கு அரிசி இறக்கிவிட்டுப் போனார்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள், அம்மா. அன்று பனியே இல்லை. நான் துணியைக் கட்டவும் இல்லை.

உன் மாமா