பெயரில்லாத குடா

சேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை
21.04.1991

அடைக்கலநாதனின் அப்பாவுக்கு மரியநாயகி எழுதிக்கொள்வது. மாசி பன்னிரண்டில் நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். வேறு சுகம் எழுத இல்லை.

உங்கள் கப்பல் போன அந்தத் தீவைப் பற்றி வாசித்தேன். சுற்றிவரப் பனிக்கட்டி, ஒதுங்க ஒரு துறை இல்லை, மரமில்லை, மனிதர் குடியிருந்ததே இல்லை என்றீர்கள். அந்தக் காலத்தில் மூடுபனிக்குள்ளால் அதைக் கண்ட ஒரு வெள்ளைக்காரக் கப்டன் காலே வைக்காமல் தன் முதலாளியின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனானாம். ஆளில்லாத இடத்துக்கு என்னத்துக்குப் பெயர் என்று சிரித்து எழுதியிருந்தீர்கள். நம் ஊர் மயிலிட்டியும் இப்போது அப்படித்தான். போன ஆனியில் ஷெல்லடிக்குப் பயந்து நாங்கள் ஓடி வந்த பிறகு அங்கே ஒரு குடி இல்லை.

அடுத்த பக்கத்தை வாசித்ததும் கடிதத்தை எறிந்துவிட்டேன். அங்கே பெயரில்லாத சின்னக் குடா ஒன்றுக்கு கடிதம் எழுதிய அன்று காலை உங்கள் கப்டன் உங்களையே பெயர் வைக்கச் சொல்ல, வரைபடத்தில் பென்சிலால் நம் மகனின் பெயரை எழுதினீர்களாம். உங்களுக்கென்ன விசரா? எட்டு வருடம் கப்பலில் நின்று கரை வழக்கத்தையே மறந்துபோனீர்களா? கடலுக்கடியில் மீன் படும் பாருக்கு நம்மவர்கள் ஒரு ஆளின் பெயரை வைப்பது, அந்த ஆள் அங்கே போய்த் திரும்பாவிட்டால்தானே? என் அப்புவின் பெயரில் கிடக்கும் பாரில் நீங்களே வலை வீசியிருக்கிறீர்கள்.

இனி இருந்துகொண்டு வாசியுங்கள். மாசி பத்தாம் திகதி விடியப் பிள்ளை இரவல் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். கடலிலை நேவிக்காரன்ரை துவக்குச் சூடு நடக்குது, போகாதை ராசா என்றேன். ரெண்டு நாளாய் அடுப்பு எரியேல்லை அம்மா, மத்தியானச் சோத்துக்கு வந்திடுவன் என்றான். மூன்றாம் நாள், பன்னிரண்டாம் திகதி, வள்ளம் மட்டும் அரியாலைக் கரையில் ஒதுங்கியது. அதே நாளில்தான் நீங்கள் பென்சிலை எடுத்திருக்கிறீர்கள்.

உங்களால்தான் போனான் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

எழுபது நாளாச்சு, செத்தவர் பூசைக்குப் பிள்ளையின்ரை பெயரைக் குடு மரியநாயகி என்று பக்கத்துக் கொட்டில் சிசிலியாக்கா சொல்கிறா. பங்குச் சுவாமியும் கேட்டார். நான் குடுக்க மாட்டேன்.

கப்டனின் காலைப் பிடித்தாவது அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். பனிக்கட்டிக்கு அது என்னத்துக்கு? சோறு ஆறும்போது வாசலில் நின்று கூப்பிட எனக்கு அது வேண்டும்.

மாதா உங்களையாவது கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அடைக்கலநாதனின் அம்மா